கடலுக்குப் போகாத முருகன்

அத்தியாயம் 11

“இந்த நட்டத் திறக்க உனக்கு எவ்வளவு பலம் போச்சு?” என்று கேட்டாள் ஹாஜறா.

கிசோக் படகின் அடிவயிற்றுக்குள் குப்புறக் கிடந்தான். முழங்கை வரை டீசல், மூக்கு நுனியில் சேறு. ஸ்பேனரைப் பலகை மேல் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான்.

“போன கிழமை தின்ட சோறெல்லாம் போச்சு றாத்தா. நோம்பு உங்களுக்கு, பட்டினி எனக்கு.”

“கேட்டதுக்கு மறுமொழி சொல்லு.”

“ரெண்டு கையாலயும் தொங்கித்தான் அசைச்சன். அவ்வளவு இறுக்கம்.”

ஹாஜறா முக்காட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் இறுகிவிட்டது. சுனாமியில் உடைந்த படகுகளையெல்லாம் காப்புறுதிக் கம்பனிக்காகப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். இப்போது கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். கிசோக் பாண்டிருப்பு ஓட்டோக்காரன். அவளுக்குச் சாரதி, உதவியாளன், சில நேரம் தலையிடி. வயதில் மூத்த முஸ்லிம்களை ஊர் வழக்கப்படி, அக்காவை றாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுபவன்.

படகு கோமாரிக் கடற்கரை மணலில் சரிந்து கிடந்தது. ஒற்றைப் பாய்மரம், உள்ளே சின்ன டீசல் இயந்திரம். சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரத் தொண்டர்கள் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது. வினாயகபுரத்துத் தனஞ்சயன்தான் அதைக் குழந்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்துவந்தான். வைகாசியில் சண்டை முடிந்தது. கடல் திறந்தது. இனிமேல் உல்லாசப் பயணிகளை ஏற்றலாம் என்று அவன் கனவு கண்ட நேரம் பார்த்துப் படகு கசியத் தொடங்கியது.

கசிந்த இடம் எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் உள்ளே, புரொப்பலர் வெளியே. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்தத் துளையால் கடல் உள்ளே ஏறாமல் காப்பது ஒரு பித்தளைக் கழுத்து. கிளாண்ட் என்பார்கள். அதற்குள் கொழுப்பில் ஊறிய நூல்கயிற்றை வளையம் வளையமாக அடைத்து, கழுத்தின் திருகுப் புரியில் ஒரு நட்டைச் சுற்றி அழுத்தி, அந்த நட் அசையாமல் இன்னொரு நட்டால் பூட்டிவைப்பார்கள். ஒன்றிரண்டு சொட்டுக் கசிந்தால் நல்லது, தண்டு சூடாகாது. தனஞ்சயனின் படகிலோ வாளி வாளியாக அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. ஒலுவிலில் வைத்து அதைப் பிரித்துப் புதுக் கயிறு அடைத்துக் கொடுத்தவன் அவனுடைய கூட்டாளி, கல்முனை மெக்கானிக் முபாறக்.

மறுநாள் தனஞ்சயன் தனியே வீட்டுக்குப் பாய் விரித்தான். படகு கோமாரிக்கு நேரே பாதி தாழ்ந்து மிதந்தது. தனஞ்சயனைக் காணவில்லை.

“முஸ்லிம் மெக்கானிக் எங்கட பொடியன அநியாயமாக் கொன்றுட்டான்” என்று வினாயகபுரத்தில் கதை எழும்பிவிட்டது. முபாறக்கின் கராஜுக்குக் கல் எறிந்தார்கள். கல்முனையில் கடைக்காரர்கள் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். பொலிஸ் முபாறக்கைப் பிடித்தது. பின்னேரம் நீதவானிடம் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்குள் அவன் குற்றவாளி இல்லை என்று காட்டவேண்டும் என்று அவன் மனைவி முஸ்பிறா ஹாஜறாவின் கையைப் பிடித்து அழுதிருந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பிடிபட்டவனே “என்ட கவலையீனம்தான்” என்று யாரும் கேட்க முதலே ஒப்புக்கொண்டுவிட்டான்.

“ரெண்டு நட்டையும் திரும்ப ஒருக்கா யோசி,” என்றாள் ஹாஜறா. “அமத்துற நட் எங்க நிண்ட?”

“கழண்டு விழுற மாதிரிப் புரியிட நுனியில.”

“பூட்டுற நட்?”

“அதுக்குப் பின்னால போய் ஒட்டி, இறுகி…” கிசோக் பாதியில் நிறுத்தினான். “ஓ.”

“என்ன ஓ?”

“இஞ்சின் ஆட்டத்தில கழண்டிருந்தா பூட்டு நட்தான் முதல் கழலவேணும். ஆரோ ஒண்டக் கழட்டிப்போட்டு மற்றத இறுக்கியிருக்கான்.”

“கையால செய்த வேலை. கடல் செய்யல்ல.” ஹாஜறா பேனாக்கத்தியால் பித்தளையைச் சுரண்டினாள். மஞ்சளுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது.

“அது என்ன நோய்?”

“வயசு. உப்புத் தண்ணியில கெடந்தா பித்தளை இப்படித்தான் சிவந்து பொரிஞ்சு போகும். ஆனா இது இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்.” கத்தியை மடக்கினாள். “அந்தக் கயிற எடு.”

கிசோக் கழுத்துக்குள்ளிருந்து வளையங்களைக் கொக்கியால் இழுத்தெடுத்தான். ஒழுங்காக வெட்டி, பொருத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி அடைத்த நல்ல வேலை. கவலையீனம் என்று இதைச் சொன்னவனுக்குக் கண் இல்லை, அல்லது வேறு காரணம் இருந்தது. அவற்றைப் பலகை மேல் பரப்பினான். எழும்பும்போது தலை எதிலோ முட்டியது. இயந்திரத்துக்கு மேலே சின்னதாக ஒரு மரமாடம். கூரையில் கற்பூரக் கரி. பின்பலகையில் புகை படாத சதுரம் வெளிறித் தெரிந்தது. அதன் நாலு மூலையிலும் திருகாணித் துளைகள்.

“சாமிப்படம் இருந்த இடம்,” என்றான் தலையைத் தடவிக்கொண்டு. “முருகனையும் கடல் கொண்டு போட்டுது. பாவம், மயில் நீந்துமோ தெரியா.”

ஹாஜறா அந்தத் துளைகளை நெடுநேரம் பார்த்தாள். கைபேசியில் முஸ்பிறாவைப் பிடித்து ஒலியைக் கூட்டினாள்.

“முஸ்பிறா, உங்கட மாப்பிள்ளை முபாறக் கயித்துக்கு என்ன போடுவார்?”

“மாட்டுக் கொழுப்பு றாத்தா. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாற குர்பான் கொழுப்ப உருக்கிப் போத்தல்ல வெச்சிரிப்பார். இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும்.” பிறகு குரல் தழுதழுத்தது. “தனஞ்சயன்ட போட்டுக்கு மட்டும் போட மாட்டார். அதில முருகன் இரிக்கார், நமக்கு மரியாதை இரிக்கோணும் எண்டு சென்னார். அதுக்குத் தேன்மெழுகும் தேங்காயெண்ணையும்தான். இறக்காமத்தில இருந்து மெழுகு எடுப்பிப்பார்.”

ஹாஜறா போனை வைத்துவிட்டு வளையமொன்றை முகர்ந்தாள். டீசல் மணம்தான் வந்தது. கிசோக்கிடம் நீட்டினாள்.

“எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு,” என்றான் அவன். “ருசி பாக்கச் சொல்லாதீங்க. நோம்பு உங்களுக்கெண்டாலும் நாக்கு என்டது.”

மீன்வாடிக்குக் கீழேயிருந்து ஒரு சாம்பல் பூனை வந்தது. யாரையும் கேட்கவில்லை. வளையத்தருகே குந்தி, கண்ணை மூடிக்கொண்டு நக்கத் தொடங்கியது. கிசோக் விரட்டினான். நாலடி போய்த் திரும்பி வந்து மற்ற வளையத்தையும் நக்கியது.

“தேன்மெழுகுக்கு இந்த மரியாதை கிடைக்காது,” என்றான் கிசோக் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “றாத்தா! இது முபாறக் காக்காட கயிறே இல்ல! அவர் எப்பவும் கொழுப்புத்தான் போடுவார் எண்டு நினைச்சு எவனோ மாத்தி அடைச்சிருக்கான். இந்தப் போட்டுக்கு மட்டும் மெழுகு எண்டு அவனுக்குத் தெரியா. மாட்டிக்கொண்டான்! முபாறக் காக்காவ வெளியால எடுத்திரலாம்!”

“ஓம்,” என்றாள் ஹாஜறா. “அதத்தான் பொலிசில சொல்லோணும். அதுக்கு முதல் தனஞ்சயன்ட வீட்ட ஒருக்கா போவம்.”

கேஸ் முடிந்த மகிழ்ச்சியில் கிசோக் ஓட்டோவைப் பறக்கவிட்டான். பின்னால் இருந்தவளுக்கு அந்த மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை என்பதை வினாயகபுரம் வந்த பிறகுதான் கண்ணாடியில் கவனித்தான்.

ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. பொடியன்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட்டார்களாம். தனஞ்சயனின் தாய் கனகேஸ்வரியும் அவர்களோடு போய்விட்டாள். வீட்டில் மனைவி சுஜித்தா தனியே இருந்தாள். அழுது வீங்கிய முகம். ஹாஜறாவைக் கண்டதும் எழும்பிப் பாய் விரித்தாள்.

“நோம்பு எண்டு தெரியும். தண்ணியும் தர ஏலாம இருக்கு அக்கா.”

“பரவாயில்ல மகள்.”

கிசோக்குக்குப் பொறுக்க முடியவில்லை. “அக்கா, உங்கட மனிசனை முபாறக் காக்கா கொல்லல்ல. வேற ஒருத்தன் போட்டக் கெடுத்திருக்கான். எங்களிட்ட சாட்சி இருக்கு. ஒரு பூனை.”

சுஜித்தா ஆறுதல் அடைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நிறம் வெளுத்தது. ஏன் பயப்படுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஹாஜறா அவளைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சாமித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையார், லெட்சுமி, இருவருக்கும் நடுவில் ஒரு முருகன். மற்றப் படங்களுக்கு மரச்சட்டம். முருகனுக்கு மட்டும் உப்புப் பூத்த பித்தளைச் சட்டம், நாலு மூலையிலும் திருகாணித் துளை.

“தம்பி,” என்றாள் ஹாஜறா தணிந்த குரலில், “கடல் முருகனைக் கொண்டுபோனா பலகையையும் பிச்சுக்கொண்டு போயிருக்கும். அந்த மாடத்தில ஒரு சிராய்கூட இல்ல. ஆரோ அவசரப்படாம இருந்து திருகாணி கழட்டியிருக்கான். போட் தாழப்போகுது எண்டு முருகனுக்கு மட்டும் முதலே ஆரு சென்ன?”

கிசோக் எழும்பிப்போய் முருகனின் சட்டத்துத் துளைகளைத் தொட்டுப் பார்த்தான்.

“கயித்த ஒருத்தரும் மாத்தல்ல. அது முபாறக் அடைச்சதுதான். முருகன் இரிக்கக்குள்ள அவர் கொழுப்புப் போடமாட்டார். போட்டிரிக்கார் எண்டா அந்த நேரம் முருகன் போட்டில இல்ல. சாமியத் தாழ்க்கத் தனஞ்சயனுக்கு மனம் வரல்ல, சாமி இறங்கின போட்டுக்கு மெழுகு தேட முபாறக்குக்குத் தோணல்ல. ரெண்டு பேரும் மரியாதை பாத்து மாட்டிக்கொண்டாங்க.”

சுஜித்தா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து ஹாஜறாவின் காலடியில் இருந்துவிட்டாள்.

“நம்பர் பிளேட் இல்லாத வான் ஒண்டு ரெண்டு தரம் வந்தது அக்கா. சண்டை நேரம் இயக்கம் இவரப் பிடிச்சுக்கொண்டுபோய்ப் போட் ஓட வெச்சது. அதுக்குத்தான் இப்ப இவரத் தேடுறாங்க. பக்கத்து ஊர்ல ரெண்டு பேரக் கொண்டு போனவங்க, திருப்பித் தரல்ல. செத்தவனை ஆரும் தேடமாட்டாங்க எண்டு முபாறக் அண்ணன்தான் சொன்னார். இவரே கழட்டிப்போட்டுக் கரைக்கு நீந்தினார். அந்த அவசரத்திலயும் மற்ற நட்டப் பூட்டியிருக்கார் பாருங்க. கதவப் பூட்டினாலும் இழுத்துப் பாக்கிற மனிசன்.”

“முபாறக்கில பழி விழும் எண்டு யோசிக்கல்லயா?”

“அவங்க ரெண்டு பேரும் சின்ன வயசில இருந்து கூட்டாளிகள். ஊர் அப்படித்தான் பாக்கும் எண்டு நினைச்சாங்க. தமிழன், சோனகன் எண்டு பாக்கும் எண்டு நினைக்கல்ல.” முகத்தைத் துடைத்தாள். “அவர் இப்ப எங்க எண்டா…”

“சொல்லாத!” ஹாஜறா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். “எனக்குத் தெரியவேணாம். ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் முபாறக் அண்ணனுக்கும்தான். மாமிக்குக்கூடத் தெரியா. தெரிஞ்சா அவட முகமே காட்டிக் குடுத்திரும்.”

கிசோக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கையில் இருக்கும் சாட்சியைப் பொலிசில் வைத்தால் முபாறக் வீட்டுக்குப் போவான், தனஞ்சயனைத் தேடிப் பிடிப்பார்கள். வாயை மூடினால் தனஞ்சயன் தப்புவான், முபாறக் சிறைக்குப் போவான், வெளியே ஊரும் ஊரும் அடிபடும். ஒரு பூனையை நம்பிக் கேஸ் முடிந்தது என்று துள்ளிய தன்மேல் அவனுக்கு எரிச்சலாக வந்தது.

“வெளிக்கிடு மகள்,” என்றாள் ஹாஜறா. “நீயும் வா.”

பொலிஸ் நிலையப் படலை வாசலில் பொடியன்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டார்கள். எதிர்ப்பக்கச் சந்தியில் தொப்பி போட்ட இளைஞர்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வெறும் வீதி. அதைக் கடக்கும்போது கிசோக் ஹோர்ன் அடிக்கக்கூடப் பயந்தான்.

உள்ளே பொறுப்பதிகாரி களைத்துப்போய் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சீருடை இல்லாத ஒருவர். தன்னை யாரென்று சொல்லவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மடித்த கைச்சட்டை, மேசையில் கைபேசி. சுவரோரம் வாங்குப் பலகையில் முபாறக் குனிந்து இருந்தான். ஹாஜறாவைக் கண்டதும் எழும்பினான்.

“என்ட பிழைதான் றாத்தா. நட்ட ஒழுங்கா இறுக்கல்ல. அப்படியே எழுதிக் குடுங்க.”

அந்தக் கண்கள் கெஞ்சியது என்னவென்று இப்போது கிசோக்குக்கு விளங்கியது.

“உங்கட வேலையில பிழை இல்ல, முபாறக்,” என்றாள் ஹாஜறா உரத்து. பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். “கயிறு திறமா அடைச்சிரிக்கி சேர். பிழை பித்தளையில. வருசக்கணக்கா உப்பில கெடந்து சிவந்து செத்துப் போச்சு. எந்த மெக்கானிக் இறுக்கினாலும் அந்தப் புரி பிடிக்காது. ஓட ஓடக் கழண்டிரிக்கி. உங்கட ஆக்கள் சுரண்டிப் பாக்கட்டும், சிவப்புத் தெரியும்.”

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதிகாரி தலையாட்டினார். சீருடை இல்லாதவர் முதன்முறையாக வாயைத் திறந்தார். கேள்வி கிசோக்குக்கு வந்தது.

“நீதானே கழட்டினது?”

“ஓம் சேர்.”

“பூட்டு நட் ஒண்டு இருக்குமே. அது எப்பிடி இருந்தது?”

படகு தெரிந்த மனிதன். ஹாஜறா திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நட்டுகளைக் கழட்டியாகிவிட்டது, அவை நின்ற விதம் இப்போது அவனுடைய நாக்கில் மட்டும்தான் இருந்தது.

“ரெண்டும் லூஸ் சேர்,” என்றான். “என்ட வாயப் போல. தொட்டதும் சுத்திச்சு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. மற்றவருக்கு வரவில்லை.

“தனஞ்சயன் நல்ல நீச்சல்காரன் எண்டு கேள்விப்பட்டன்,” என்றார் அவர். “கரை கிட்டத்தானே?” கைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள்.

படிக்கட்டில் கனகேஸ்வரி குந்தியிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, தொண்டை கட்டி, ஆனாலும் பிடிவாதம் விடாமல்.

“என்ட புள்ள சாகல்ல!” என்று கத்தினாள். “சுனாமி அடிச்ச அண்டைக்கு என்னையும் தூக்கிக்கொண்டு நீந்தி வந்தவன். அந்தப் பெரிய கடல் கொண்டுபோகாதவன இந்தத் தெறிப்புத் தண்ணியோ கொண்டு போகும்? அவன் எங்கயோ உசிரோட இருக்கான். நான் பெத்தவ சொல்லுறன்!”

சீருடை இல்லாதவர் அவளருகே குனிந்தார். “நீங்க சொல்றதுதான் சரி அம்மா. எனக்கும் அப்படித்தான் தோணுது. எங்க போயிருப்பான்?”

கனகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். நாள் முழுக்கக் கத்தியதில் தன் பேச்சை ஒருவராவது நம்பினார் என்ற நன்றி அவள் முகத்தில் தெரிந்தது. யோசித்தாள். மகனுடைய கூட்டாளிகள், சொந்தக்காரர், அவன் போய்வரும் இடங்கள் எல்லாம் அவள் வாய்க்கு வந்துகொண்டிருந்தன. கிசோக் ஏதாவது பகிடி சொல்லித் தடுக்கப் பார்த்தான். ஒரு பகிடியும் கைக்கு எட்டவில்லை.

“மாமி!”

சுஜித்தா படியிறங்கி வந்து அவள் முன்னால் முழங்காலில் இருந்தாள். கோபத்திலும் ஒரு மனைவி வாயால் விடாத சொல் அது. அதைச் சொல்ல அவள் உதடு இரண்டு தரம் மறுத்தது.

“அவர் செத்துப்போயிட்டார் மாமி. எனக்குத் தெரியும். ராவு கனவில வந்து என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனார். முபாறக் அண்ணனில பிழை இல்ல, பழைய பித்தளை உடைஞ்சுது. இனி அவரத் தேடாதீங்க.” கூட்டத்தைப் பார்த்தாள். “நீங்களும் வீட்ட போங்க தம்பிமார். செத்த வீட்டுக்கு ஆள் வேணும்.”

கனகேஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி மருமகளின் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு எதிர்ச் சந்தியில் நின்ற தொப்பிக்காரப் பொடியன்கள்கூடத் தலையைக் குனிந்தார்கள். சுஜித்தாவும் அழுதாள். அது நடிப்பில்லை என்று கிசோக்குக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் புருசனை ஊரறியக் கொன்றுவிட்டாள், இனி அவன் அந்தப் பெயரோடு வீட்டுக்கு வரமுடியாது.

சீருடை இல்லாதவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனார். ஒரு வான் கிளம்பிப்போகும் சத்தம் கேட்டது.

பொடியன்கள் ஒருவர் பின் ஒருவராக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். அதிகாரி முபாறக்கை வீட்டுக்குப் போகச் சொன்னார். ஹாஜறா ஓட்டோவில் ஏறி இருந்தாள். கிசோக் இயந்திரத்தை முடுக்கும்போது கனகேஸ்வரி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள். ஹாஜறாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றினாள்.

“மகள், எல்லாரும் எனக்கு ஒவ்வொரு கதை சொன்னாங்க. நீங்க ஒருத்திதான் போய்ப் பாத்து மெய்யக் கொண்டு வந்தீங்க. புள்ளைக்குக் கிரியையாவது செய்வன். நீங்க நல்லா இருக்கணும்.”

பள்ளியில் பாங்கு கேட்டது. நோன்பு திறக்கும் நேரம். ஹாஜறா அந்தக் கையை விடவில்லை. கிசோக் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பின்னால் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“ஓட்டோவ எடு தம்பி,” என்றாள். “கெதியா எடு.”